பக்க மூடியைத் திறக்காமலே மாற்றிய கிளட்ச் பிளேட்

பழைய பைக் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். நாமக்கல் பக்கம் என்பது மட்டும் போதும்.

என்னுடையது அப்பா ஓட்டிய 2007 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். சிக்னலில் நியூட்ரல் விழவில்லை, கிளட்சை முழுக்கப் பிடித்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது என்று கொண்டுபோய் நிறுத்தினேன். மெக்கானிக் லீவரை இரண்டு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "பிளேட் போயிருச்சுண்ணா, செட்டா மாத்திடலாம்" என்றார். சாயங்காலம் பில் 1,950 ரூபாய். பிளேட், பேக்கிங், ஆயில், கூலி எல்லாம் அதில் இருந்தது. நியூட்ரலும் அழகாக விழுந்தது. சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு அன்று தெரியாதது இதுதான். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி மட்டும் வேகம் எடுக்காது. என் வண்டியில் நடந்தது அதற்கு நேர் எதிர்: கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. பெரும்பாலும் அது கேபிள் தளர்ந்ததால் வருவது. லாக் நட்டை இளக்கி அட்ஜஸ்டரைத் திருப்பினால் ஐந்து நிமிட வேலை, டீக்காசுக்குச் செய்து கொடுப்பார்கள்.

அவர் செய்ததும் அதை மட்டும்தான். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. லீவர் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும், அதற்கப்புறம்தான் கேபிள் இழுக்க ஆரம்பிக்க வேண்டும். அவர் அந்த ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டிருந்தார். அப்படி ஓட்டினால், நாம் கை வைக்காமலே கிளட்ச் லீவரை எந்நேரமும் கொஞ்சம் பிடித்தபடி ஓட்டுவது போலத்தான், பிளேட் வழுக்கிச் சூடாகும்.

இரண்டு வாரம் கழித்துக் கொல்லிமலை போனோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பின்னால் மனைவி. பாதி மலைகூட ஏறியிருக்க மாட்டோம், இரண்டாவது கியரில் இன்ஜின் அலறுகிறது, வண்டி நடக்கிற வேகத்தில் போகிறது. கருகிய நாற்றம் வேறு. ஓரமாக நிறுத்தி ஆறவைத்து, அப்படியே திரும்பி இறங்கிவிட்டோம்.

ஊருக்கு வந்து வேறொரு பெரியவரிடம் காட்டினேன். அவர் லீவரைக்கூடத் தொடவில்லை, குனிந்து வலது பக்க மூடியைப் பார்த்தார். "தம்பி, இதை யாரும் கழட்டவே இல்லையே" என்றார். பிளேட் மாற்ற வேண்டுமென்றால் ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, அந்த மூடியின் 8 நம்பர் ஸ்பேனர் போல்ட்டுகள் அத்தனையையும் எடுக்க வேண்டும். என் வண்டியில் போல்ட் தலைகளைச் சுற்றிப் பல வருஷ மண் அப்படியே இறுகிக் கிடந்தது. உள்ளே பழைய பேக்கிங். பிளேட் இப்போது நிஜமாகவே கருகியிருந்தது. நன்றாக இருந்ததை மாற்றியதாகக் காசு வாங்கி, அதைக் கெடுத்தும் அனுப்பியிருக்கிறார்!

ஆயில் விஷயத்திலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பில்லில் 10டபிள்யூ-30 பைக் ஆயில் என்று இருந்தது, ஆனால் காலி பாட்டில் எதையும் நான் பார்க்கவில்லை. கடையில் நின்றது கார் படம் போட்ட பெரிய கேன். இந்த வண்டிகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறுகிறது. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், அது கிளட்சையும் வழுக்க வைக்கும். பாட்டிலில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா பாருங்கள், ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி அது. 'எம்பி' என்றால் ஸ்கூட்டருக்கானது. சீல் உடைப்பதும் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். ஆயில் அளவுக்கம்பியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் மட்டம் பார்க்க வேண்டும். இதையும் அந்தப் பெரியவர்தான் சொன்னார், இத்தனை வருஷம் நான் திருகித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய கடைக்குப் போய்க் கேட்டேன். "மலைக்கு டபுள்ஸ் போனா அப்படித்தாண்ணா ஆகும்" என்றார். மாற்றியதாகச் சொன்ன பழைய பிளேட்டைக் காட்டச் சொன்னேன், எடைக்குப் போட்டாச்சாம். போல்ட் மண்ணைப் பற்றிக் கேட்டதும் போன் வந்ததுபோல எழுந்து போய்விட்டார். ஒரு பைசா திரும்பவில்லை. பெரியவரிடம் ஆன செலவு தனியாக 1,400.

இப்போது சர்வீஸுக்கு விடும் முன் மூடிக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே மனைவியின் நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். போன தடவை அதைப் பார்த்த பெரியவர், "எனக்குமா?" என்று சிரித்தார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோட்டை அழிக்கவில்லை.