உப்புக்காற்றில் கியர் சைக்கிள்: நாலரை வருஷமும் மூன்று கேபிளும்

சைக்கிளை 2021 பிப்ரவரியில் வாங்கினேன். முன்னால் மூன்று பல்சக்கரம் (இனிமேல் சுருக்கமாகப் பல்), பின்னால் எட்டு என்று 24 கியர். பின் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற பாகம், ஷிமானோ ஆல்டஸ், விலை குறைந்த மவுண்டன் பைக்குகளில் வருகிற சாதாரண சாமான்தான். வாங்கிய அன்றே வீட்டில் கேட்டார்கள், "கடலூர்ல ஏது மலை?" நியாயமான கேள்வி. ஊர் தட்டையாகத்தான் கிடக்கிறது. ஆனால் கேப்பர் மலை ஏற்றத்தில் ஒரு தடவை மிதித்துப் பார்த்தவர்களுக்கும், மார்கழியில் முள்ளோடை தாண்டிப் பாண்டிச்சேரி பக்கம் போகையில் வாடைக்காற்றை நெஞ்சில் வாங்கியவர்களுக்கும் கியர் எதற்கென்று தெரியும். வாரத்துக்குச் சுமார் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், பாதி தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம், மாதம் ஒரு தடவை பாண்டிச்சேரி போய் ஆரோவில் செம்மண் பாதை. உப்பும் செம்மண்ணும் சேர்ந்தால் கேபிளுக்கு வேறு எதிரி வேண்டாம்.

முதல் மழைக்காலம் முடிந்ததுமே தொல்லை ஆரம்பித்தது. பெரிய பல்லுக்குப் போடக் கட்டைவிரலை அழுத்தினால் ஒழுங்காக ஏறிவிடும். திரும்பச் சின்னப் பல்லுக்கு விடும்போதுதான் வம்பு. ஷிஃப்டரில் (கைப்பிடியில் இருக்கிற கியர் மாற்றும் லீவர்) க்ளிக் கேட்கும், செயின் அசையாது, நாலைந்து மிதி மிதித்து நாமே அதை மறந்துவிட்ட நேரத்தில் டக்கென்று இறங்கும். இந்த ஒரு வித்தியாசத்திலேயே விடை இருந்தது, எனக்குத்தான் அது புரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பெரிய பல்லுக்கு ஏற்றுவது நம் விரல், கேபிளைப் பிடித்து இழுக்கிறது. இறக்குவது டீரெய்லரில் இருக்கிற ஸ்பிரிங், அது கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். விரலுக்கு இருக்கிற பலம் ஸ்பிரிங்குக்குக் கிடையாது. அவுட்டருக்குள்ளே, அதாவது கேபிள் ஓடுகிற உறைக்குள்ளே, துருவோ மண்ணோ இருந்தால் விரல் அதை மீறி இழுத்துவிடும், ஸ்பிரிங் தோற்றுவிடும். ஏறுவதற்குத் தாமதமானால் கேபிள் லூஸ், இறங்குவதற்குத் தாமதமானால் கேபிள் இறுக்கம் அல்லது உள்ளே உரசல். முதலில் இதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும்.

நான் எடுத்தது ஸ்க்ரூ டிரைவரை. டீரெய்லரில் எச், எல் என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும். செயின் இரண்டு பக்கமும் எதுவரை போகலாம் என்று வேலி போடுவது மட்டும்தான் அவற்றின் வேலை, நடுவில் இருக்கிற ஆறு பல்லுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றித் திருகியதில், கேப்பர் மலை ஏற்றத்தில் செயின் பெரிய பல்லையும் தாண்டிப் போய் ஸ்போக்ஸ் நடுவில் சிக்கிக்கொண்டது. கையெல்லாம் கறுப்பு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் ஒரு கடையில் கொடுத்தேன். 2022 ஜனவரி. அவர் கேபிள் மாற்றித் தந்தார், இரண்டு வாரம் அருமையாக இருந்தது, பிறகு தானாகவே கியர் மாற ஆரம்பித்தது. எழுந்து நின்று மிதித்தால் ஒரு பல் தாவும். என்னவென்று பார்த்தால் அவர் போட்டிருந்தது பிரேக் அவுட்டர். கேட்டதற்கு, "அவுட்டர்னா அவுட்டர்தானே சார்" என்றார். இல்லை. பிரேக் அவுட்டர் 5 எம்எம் தடிமன், உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள், இழுக்கும்போது அது ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் சுருங்கும். பிரேக்குக்கு அது பெரிய விஷயமில்லை. கியருக்கு ஒரு க்ளிக் என்பதே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இழுப்புதான், அதில் சுருங்கினால் கணக்கு தப்பிவிடும். கியர் அவுட்டர் 4 எம்எம், அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், சுருங்காது. ஆனால் இதை அப்படியே திருப்பிப் போட்டுவிடாதீர்கள். கியர் அவுட்டரைப் பிரேக்கில் போட்டால் அழுத்திப் பிடிக்கிற நேரத்தில் பிளந்துகொள்ளும், அது ஆளையே காலி செய்கிற தப்பு.

இரண்டாவது கடையில் இன்னும் மோசம். ஸ்பிரிங் போய்விட்டது, டீரெய்லரையே மாற்றிவிடலாம் என்றார்கள். அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து, அலன்கீயால் கேபிளைப் பிடிக்கிற போல்ட்டைத் தளர்த்தி, டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிவிட்டேன். சட்டென்று திரும்பியது. ஸ்பிரிங்குக்கு ஒன்றும் இல்லை. கேபிள் நுனியை விரலில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் மணலில் இழுப்பது போல நறநற என்றது.

எங்கே என்று தேடினால், கடைசித் துண்டு. ஃப்ரேமின் பின்புறத்திலிருந்து டீரெய்லருக்கு வளைந்து போகிற ஒரு ஜாண் அவுட்டர். என் சைக்கிளில் கேபிள் மேல் பைப் வழியாக வெறும் கம்பியாக வந்து, பின்பக்கம் சாய்வாக இறங்கி இந்தத் துண்டுக்குள் நுழைகிறது. மழைத்தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே வழிந்து உள்ளே போய், வளைவின் அடியில் தேங்குகிறது. அந்தத் துண்டை நறுக்கிப் பழைய தினத்தந்தி மேல் தட்டினேன், டிகாக்‌ஷன் சக்கை மாதிரி செம்மண்ணும் துருவும் கலந்து விழுந்தது. இரண்டு கடை, ஒரு வருஷம், எல்லாம் இந்த ஒரு ஜாணுக்காக.

2023 ஜனவரியில் நானே மாற்றினேன். ஸ்டெயின்லெஸ் இன்னர் (உறைக்குள் ஓடுகிற கம்பி), சரியான 4 எம்எம் அவுட்டர், இரண்டும் ஆன்லைனில், எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள். வேலையில் கஷ்டமான இடம் ஒன்றுதான், அவுட்டரை வெட்டுவது. சாதாரணக் கட்டிங் பிளேயரில் வெட்டினேன், நுனி நசுங்கி உள்குழாய் மூடிக்கொண்டது, இன்னர் நுழையவில்லை. கேபிள் கட்டர் ஒன்று கடன் வாங்கி மறுபடி வெட்டி, அரத்தால் நுனியைச் சமமாகத் தேய்த்து, கோணூசியால் ஓட்டையைத் திறந்த பிறகுதான் சரியானது. கடைசித் துண்டின் நீளத்தைப் பழைய துண்டை வைத்தே அளந்துகொள்ளுங்கள். குட்டையானால் வளைவு மடங்கும், நீளமானால் தொங்கி ஆடும். மற்றதெல்லாம் அரை மணி நேர வேலை. ஷிஃப்டரைச் சின்னப் பல்லில் வைத்துவிட்டு இன்னரை உருவுங்கள், இல்லாவிட்டால் இன்னர் நுனியில் இருக்கிற குண்டு வெளியே வராது, நான் பத்து நிமிஷம் ஷிஃப்டரோடு மல்லுக்கட்டினேன்.

புதுக் கேபிள் போட்ட முதல் வாரம் மறுபடி கியர் தடுமாறும். பயப்பட வேண்டாம். அவுட்டர் நுனிகள் மூடிக்குள் போய் நன்றாக உட்காருகிற வரை அப்படித்தான். பின்னால் இருக்கிற பேரல் அட்ஜஸ்டரை (கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் கையால் திருகுகிற உருளை) கால் சுற்று வெளியே திருகினால் போதும், கேபிள் இறுகிச் செயின் பெரிய பல் பக்கம் நகரும். நான் இரண்டு தடவை திருகினேன், அதோடு சரி.

எண்ணெய் விடலாமா என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் அவுட்டருக்குள் செயின் ஆயில் விட்டது முட்டாள்தனம், நம் ஊர்த் தூசியை அது கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்கிறது. இப்போது உள்குழாய் வழவழப்பாகவே வருகிறது, காய்ந்தே ஓடட்டும். கடைசித் துண்டின் மேல்நுனியில் மட்டும் துளி கிரீஸ் வைக்கிறேன், தண்ணீர் நுழையாமல் இருக்க.

அந்த செட் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் தொந்தரவே தரவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது கீழ்வீட்டில் நிறுத்தியிருந்த சைக்கிள் பாதிச் சக்கரம் வரை சேற்றுத் தண்ணீரில் ஒரு நாள் நின்றது. செயின் போனது, பெடல் பேரிங் போனது. கியர் கேபிளில் கடைசித் துண்டையும் இன்னரையும் மட்டும் மாற்றினேன், மேலே இருந்த அவுட்டர் இன்றைக்கும் 2023-இல் போட்டதுதான். முன் டீரெய்லர் கேபிளைத் தொடவே இல்லை. நடுப் பல்லிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சோம்பல்தான் காரணம்.

போன வாரம் மச்சான் தன் சைக்கிளைக் கொண்டு வந்து நிறுத்தினான், அதே மாதிரி கியர் விழவில்லை, கேபிள் மாற்றிக் கொடு என்று. பின்னால் குத்தவைத்துப் பார்த்தால் டீரெய்லர் கூண்டு பற்களுக்கு நேராகத் தொங்காமல் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. எங்கேயோ வலது பக்கமாகக் கீழே போட்டிருக்கிறான், டீரெய்லரை ஃப்ரேமில் தாங்குகிற ஹேங்கர் வளைந்துவிட்டது. இதற்குக் கேபிள் மாற்றிப் பிரயோஜனமில்லை என்று சொல்லி அனுப்பினேன், கீழே போடவே இல்லை என்று இன்னும் சாதிக்கிறான்.