பெர்லினில் அறை தேடுகிறவர்களுக்கு: சாவியைத் தருவார்கள், முகவரியைத் தரமாட்டார்கள்

பெர்லினில் அறை மோசடி என்றாலே எல்லோரும் ஒரே வகையைத்தான் சொல்லி எச்சரிக்கிறார்கள். வீட்டைக் காட்டாமலே முன்பணம் கேட்பான், வெளிநாட்டில் இருப்பதாகவும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொல்வான், பணம் போனதும் ஆளையே காணோம். அந்த வலையில் இப்போது அவ்வளவு எளிதில் யாரும் விழுவதில்லை. எனக்கு நடந்தது வேறு. அறை உண்மையாகவே இருந்தது. கட்டில், மேசை, ஹீட்டர் எல்லாம் படத்தில் கண்டபடியே இருந்தன. சாவியும் கைக்கு வந்தது. ஒரே ஒரு தாளை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தாளில்தான் அவர்களுடைய வியாபாரமே இருக்கிறது.

ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அன்மெல்டுங் என்பார்கள். பதிவுக்குப் பாஸ்போர்ட் மட்டும் போதாது. வீட்டை வாடகைக்கு விட்டவர் 'இவர் இந்தத் தேதியிலிருந்து இங்கே குடியிருக்கிறார்' என்று கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இது கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் பியூர்கர் ஆம்ட் என்ற பதிவு அலுவலகத்தில் அதை இந்தச் சான்றுக்கு ஈடாக ஏற்கமாட்டார்கள். பதிவு நடந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வரி எண் இல்லாமல் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தால் சம்பளத்தில் மிக அதிகமான விகிதத்தில் வரி பிடிப்பார்கள். விசா முடிவதற்குள் குடியேற்ற அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் இந்தப் பதிவுதான் வேண்டும். பல வங்கிகள் இதைப் பார்க்காமல் கணக்குத் திறப்பதில்லை. கணக்குத் திறக்காவிட்டால் விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கக் கணக்கில் நாமே போட்டு வைத்த பணம் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வருவதும் தள்ளிப்போகும். வந்து இறங்கிய மாணவனின் கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளுக்கு இதைவிட வசதியான பிடி வேறில்லை.

என்னை ஏமாற்றியவர் தமிழர். இங்கே வந்து பல வருடங்கள் ஆனவர். பேசத் தொடங்கிய முதல் நிமிடத்திலிருந்தே "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். "அன்மெல்டுங் உண்டா அண்ணா?" என்று நான் எழுத்தில் கேட்டதற்கு, "அதெல்லாம் செய்து தருகிறேன் தம்பி, நீங்கள் படிப்பை மட்டும் பாருங்கள்" என்று எழுத்திலேயே பதில் அனுப்பினார். நொய்க்கோல்ன் பகுதியில் அறை, மாதம் 550 யூரோ, இரண்டு மாத வாடகை டெபாசிட். விமானத்தில் இருந்து இறங்கிய அன்றே மொத்தம் 1,650 யூரோவை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன். முகம் சற்று மாறினாலும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு என்ன மதிப்பு வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

சான்றைக் கேட்டதும் சாக்குகள் தொடங்கின. முதலில் "அடுத்த வாரம்". பிறகு "வீட்டுக்காரர் கிரீஸுக்குப் போயிருக்கிறார்". இடையில் ஒரு நிபந்தனை வேறு: தபால் பெட்டியில் என் பெயரை ஒட்டக்கூடாது. இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் இருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போகும், அல்லது படிக்கட்டு ஜன்னலோரத்தில் கிடக்கும். அந்த ஜன்னலோரத்தில் நான் பார்த்த கடிதக் கட்டில் காப்பீட்டு நிறுவனங்களின் உறைகள் இருந்தன, வங்கி உறைகள் இருந்தன. பெயர்களெல்லாம் நம் பக்கத்துப் பெயர்கள். எனக்கு முன்னால் அந்த அறையில் எத்தனை பேர் வந்து போனார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

வாரக் கடைசியில் விலையைச் சொன்னார். "வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் தம்பி. ஆனால் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மார்ட்சான் பகுதியில் இருக்கிறார். 350 யூரோ கொடுத்தால் அவர் முகவரியில் சான்று தருவார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்." குரலில் அத்தனை கரிசனம்.

இதில்தான் புதிதாக வருகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பணம் போவதோடு இது நிற்காது. குடியிருக்காத முகவரியைப் பதிவுக்காகக் கொடுப்பது இந்நாட்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். பொய்யாகப் பதிவு செய்கிறவருக்கும் அபராதம் உண்டு. தங்கும் அனுமதி கேட்டு அதே அரசின் முன் நிற்கப்போகும் மாணவன் தன் கோப்பின் முதல் தாளையே பொய்த் தாளாக வைப்பதற்கு 350 யூரோ கொடுக்க வேண்டும் என்பதுதான் "அண்ணா" சொன்ன யோசனை. மறுத்துவிட்டேன். மறுத்த அன்றைக்கே "தம்பி" போய் "நீ" வந்தது.

பெரும்பாலான மாடிப்படி வாசல்களில் கட்டடத்தை நிர்வகிக்கும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணுக்கு அழைத்தேன். அந்த வீட்டை உள்வாடகைக்கு விட யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார்கள். கிரீஸுக்குப் போன வீட்டுக்காரர் என்று ஒருவரே இல்லை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அறைகளைப் பிரித்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறவர் சான்றில் தன் பெயரைப் போட்டால் அரசுப் பதிவேட்டில் தானே மாட்டிக்கொள்வார். அதனால்தான் அந்த வீட்டின் பெயரில் தாள் யாருக்கும் கிடைத்ததில்லை, கிடைக்கவும் போவதில்லை.

பல்கலைக்கழக மாணவர் பேரவையில் இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது, அறிமுக வாரத்தில் நகரச் சுற்றுலாவைப் பற்றி அரைமணி நேரம் பேசியவர்கள் இதைச் சொல்லவில்லை. அங்கே தெரிந்துகொண்டவை: வீட்டை வாடகைக்கு விட்டவர் சான்று தர மறுத்தால் அதைப் பதிவு அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டியது நம் கடமை. அப்படித் தெரிவித்துவிட்டால் தாமதப் பழி நம் தலையில் விழாது. சான்று தர மறுப்பவருக்கு 1,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. பியூர்கர் ஆம்டில் நேரம் கிடைக்கவில்லை என்று பதற வேண்டியதில்லை. பெர்லினில் எந்தப் பகுதி அலுவலகத்திலும் பதியலாம், மற்றவர்கள் ரத்து செய்யும் நேரங்கள் காலையில் இணையத்தில் திறக்கும், 115 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

அதே தோழியின் உதவியால் வேறு அறை கிடைத்தது. அந்த வீட்டம்மா சாவியோடு சேர்த்துச் சான்றையும் நீட்டினார். அது ஒரு பக்கத் தாள், நிரப்ப இரண்டு நிமிடம் போதும்.

பணத்துக்கு வருகிறேன். டெபாசிட் 1,100 யூரோவைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஒப்பந்தத்தை முறித்தது நீ" என்றார். ரொக்கத்துக்கு ஆதாரம் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருப்பார். கடைசிப் பக்கத்துக் கையெழுத்து என்னிடம் இருந்தது. வழக்கு போடாமலே நீதிமன்றத்தின் வழியாகப் பணம் கேட்டு ஆணை அனுப்பும் முறை ஒன்று இங்கே இருக்கிறது. பெர்லினில் அதற்கு வெடிங் பகுதியிலுள்ள நீதிமன்றம். படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்டினால் ஆணை போகும். எதிராளிக்கு இரண்டு வாரம் அவகாசம், அவர் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் வசூலுக்கான அடுத்த ஆணையைக் கேட்கலாம். அனுப்பினேன். ஒப்பந்தத்தில் அவர் எழுதியிருந்த முகவரியிலிருந்து அது திரும்பி வந்துவிட்டது. காரணம்: அங்கே தபால் பெட்டியில் அவர் பெயர் இல்லை! ஆனால் ஒப்பந்தத்தில் பிறந்த தேதியை எழுதியிருந்தார். பெயரும் பிறந்த தேதியும் பழைய முகவரியும் இருந்தால் சிறு கட்டணத்துக்குப் பதிவேட்டிலிருந்து ஒருவரின் இப்போதைய முகவரியைக் கேட்டுப் பெறலாம். ஆகவே, அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அவருடைய சொந்த அன்மெல்டுங்தான். ஆணை இப்போது அந்த முகவரிக்குப் போயிருக்கிறது. காவல் துறையின் இணையதளத்திலும் புகாரைப் பதிந்திருக்கிறேன். பெர்லினில் புகாரை இணையத்திலேயே எழுதித் தரலாம், அதற்காக நிலையத்துக்குப் போய்க் காத்திருக்கத் தேவையில்லை.

அதே அறை மறுபடியும் விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. வாடகை இப்போது 590. படத்தில் நீலத் திரைச்சீலை, ஜன்னலோரம் வெள்ளை மேசை, "தமிழ் மாணவர்களுக்கு முன்னுரிமை, பதிவுக்கு உதவி செய்யப்படும்" என்ற வரி. உதவி என்ற சொல்லைப் பாருங்கள். உண்மையிலேயே சான்று தருகிறவர் "பதிவு உண்டு" என்று எழுதுவார். பார்க்கப் போகிறவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் நிரப்பிய சான்றைக் கேளுங்கள், தபால் பெட்டியில் அன்றே உங்கள் பெயரை ஒட்டச் சொல்லுங்கள், மாடிப்படியில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அவர் முன்னாலேயே அழையுங்கள். டெபாசிட்டை ஒரே தவணையில் கேட்டால், மாதம் ஒன்றாக மூன்று தவணையில் தர வாடகைதாரருக்குச் சட்டம் இடம் தருகிறது என்று சொல்லிப்பாருங்கள். இதே வீட்டில் முன்பு தங்கி டெபாசிட்டை இழந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக்கொண்டு தனியே புகார் கொடுங்கள். ஒருவர் கொடுத்த புகாரை வாடகைத் தகராறு என்று ஒதுக்கிவிடலாம், ஒரே வீட்டைப் பற்றிப் பலர் கொடுத்தால் அப்படி ஒதுக்குவது கடினம்.