மூன்று ஊரில் ஒரே டேட்டாபேஸ்: யுகாபைட் டிபியோடு மூன்று ஆண்டு

நான் வேலை பார்ப்பது கோலாலம்பூரில், மளிகைச் சாமான்களை மொத்தமாக இறக்கி விநியோகிக்கும் நிறுவனத்தில். ஷா ஆலமில் பெரிய கிடங்கு, பினாங்குக்காகப் பிறை என்ற ஊரில் ஒன்று, சிங்கப்பூரிலும் ஜகார்த்தாவிலும் கிளைகள். 2022 வரை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஓடும் ஒரே சர்வர்தான் எல்லா ஊருக்கும். சிங்கப்பூரில் ஒரு ஸ்டாண்ட்பை, அதாவது அவசரத்துக்கு மாற்றாக நிற்கும் சர்வர், உண்டு. அந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், சர்வர் இருந்த வாடகை டேட்டா சென்டரில் மின்சாரம் போனது. ஸ்டாண்ட்பையை எழுப்பிய பிறகு பழைய சர்வரும் உயிர் பெற்றுவிட்டால் இரண்டும் தனித்தனியே எழுதத் தொடங்கிவிடுமே என்று தயங்கியதிலேயே 47 நிமிடம் போய்விட்டது. பிறையிலிருந்து கிடங்கு அண்ணன் போன் செய்தார்: "தம்பி, முறுக்கு மாவும் எண்ணெயும் லாரியில ஏத்தியாச்சு. டெலிவரி ஆர்டர்தான் அடிக்க முடியல."

2023 தொடக்கத்தில், ஒரே டேட்டாபேஸைப் பல ஊர் சர்வர்களில் பரப்பி ஓட்டும் யுகாபைட் டிபிக்கு மாறினோம். மேலே எஸ்கியூஎல்லை, அதாவது டேட்டாபேஸிடம் பேசும் மொழியை, கையாள்வது போஸ்ட்கிரெஸின் கோடேதான் என்பதால் எங்கள் பழைய அப்ளிகேஷனில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கீழே ஒவ்வொரு டேபிளும் துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதி, அதில் எழுத்தை முன்னின்று நடத்தும் ஒன்று லீடர். எழுதியது இரண்டு பிரதியிலாவது பதிந்தால்தான் கமிட், அதாவது எழுத்து உறுதியாகும். ஒங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்ட ராஃப்ட் என்ற முறைதான் இதை நடத்துகிறது. லீடர் விழுந்தால் மீதி இரண்டும் தமக்குள் ஓட்டுப் போட்டுப் புது லீடரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நாங்கள் நடுங்கிய அந்த முடிவை எடுக்க மனிதர் தேவையில்லை.

"கேஎல் (கோலாலம்பூர்), சிங்கப்பூர் ரெண்டு போதாதா?" என்று மேலாளர் கேட்டார். போதாது. மூன்று பிரதியை இரண்டு ஊரில் வைத்தால் ஏதோ ஓர் ஊரில் இரண்டு இருந்தாக வேண்டும். அந்த ஊர் படுத்தால் மிச்சமிருக்கும் ஒன்றுக்குப் பெரும்பான்மை கிடையாது, எழுத்து நின்றுவிடும். மூன்றாவது ஊருக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் இந்த வகைத் தளத்துக்கே காசு கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் மூன்றாவது ஊர் ஜகார்த்தா.

அடுத்தது தூரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர்தான் ஓடும்; எந்த மென்பொருளாலும் அதைக் கூட்ட முடியாது. எங்கள் லைனில் கேஎல்லிலிருந்து சிங்கப்பூர் போய்வர 8 மில்லிவிநாடி, ஜகார்த்தா போய்வர 25. லீடர்களையெல்லாம் கேஎல்லில் வைத்தோம். சிங்கப்பூரில் பதிந்ததும் கமிட் முடிந்துவிடும், ஜகார்த்தாவுக்காகக் காத்திருப்பதில்லை. 2024இல் ஒரு மாலை முழுக்கச் சிங்கப்பூர் நோட் (அங்கிருக்கும் எங்கள் சர்வர்) படுத்துக்கிடந்தது. கமிட் ஒவ்வொன்றும் 25 மில்லிவிநாடிக்கு ஏறியது. ஆனால் கிடங்கிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

ஜகார்த்தா கிளைக்குத்தான் முதல் சில மாதம் பெரிய சோதனை. எங்கள் ஆர்டர் பக்கம் திறக்கும்போது 60 சின்னச் சின்ன குவெரிகளை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை) ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். ஒரே ஊரில் இருந்தவரை அது யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொன்றும் கேஎல்லில் இருக்கும் லீடரிடம் போய்வர வேண்டும்; 60ஐ 25ஆல் பெருக்கினால் ஒன்றரை விநாடி! தளத்தின் மேல் பழி போடுவதற்கு முன் சொந்தக் கோடைப் பாருங்கள். அந்த 60ஐ நான்காகச் சுருக்கினோம். விலைப் பட்டியலை ஜகார்த்தாவிலேயே இருக்கும் பிரதியிலிருந்து படிக்கவிட்டோம். இயல்பான அமைப்பில் அப்படிப் படிப்பது 30 விநாடிக்கு முந்தைய நிலை. விலைக்கு அது பரவாயில்லை, சரக்கு இருப்புக்கு ஒருபோதும் கூடாது.

எனக்கு மறக்காதது பில் எண் விவகாரம். மாறிய முதல் மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அக்கா ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். 20417க்கு அடுத்த வரியில் 20501. இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். "நடுவுல உள்ள 83 பில் எங்க தம்பி?" அப்படி ஒரு பில்லே இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் லீடரிடம் ஓடாமல் இருக்க, டேட்டாபேஸோடு அப்ளிகேஷன் திறக்கும் ஒவ்வொரு இணைப்பும் 100 எண்களை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்ளும். இணைப்பு மூடினால் மீதி போனதுதான். யுகாபைட் டிபி ஆவணத்தில் எழுதியிருக்கிறது, படிக்காமல் விட்டவன் நான். இப்போது கிளைக்கு ஒரு பதிவு கொண்ட தனி எண் டேபிள் வைத்து, அதைப் பூட்டி எண் எடுக்கிறோம். கொஞ்சம் மெதுவாகும், ஆனால் இடைவெளி விழாது. வரி சம்பந்தப்பட்ட எண் உங்களிடம் இருந்தால் இதை முதல் நாளே செய்யுங்கள்.

2024 ஆகஸ்டில் அமேசான் தன் கிளவுட் வட்டாரத்தை மலேசியாவில் மூன்று மண்டலங்களோடு (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதிகளோடு) திறந்தது. எங்கள் கேஎல் நோட்களை அங்கே மாற்றி, மலேசிய வாடிக்கையாளரின் சொந்த விவரங்களை மட்டும் அந்த மூன்று மண்டலத்துக்குள் நிறுத்தினோம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விவரங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப நிபந்தனை போடுகிறது. ஐசி எண்கள் (அடையாள அட்டை எண்கள்) நாட்டுக்குள்ளேயே இருந்தால் ஆடிட்டருக்குப் பதில் சொல்வது சுலபம். அந்த டேபிளுக்குக் கமிட் 2 மில்லிவிநாடியாக இறங்கியது. நாடு முழுக்கத் தொடர்பு அறுந்தால் அந்த டேபிள் நிற்கும் என்பதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். ஆர்டர்களும் இருப்பும் இன்னும் மூன்று ஊரில்தான். இப்படி நாடு வாரியாகப் பிரித்தால் இன்னொரு விலையும் உண்டு: ஒரே போன் எண்ணை இரண்டு நாட்டில் பதியாமல் தடுக்க ஒரே மதிப்பு இருமுறை வராமல் பார்க்கும் யூனிக் விதி மட்டும் போதாது, தனி டேபிள் வேண்டும்.

செலவு பழையதைப் போல் இரண்டரை மடங்கு. எங்கள் தீபாவளி வாரத்துக்கு அது தகும். ஈப்போவில் இரண்டு கடை வைத்திருக்கும் என் மச்சான் கேட்டபோது, சாதாரண போஸ்ட்கிரெஸும் தினசரி பேக்கப்பும் போதும் என்றேன். அந்த பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறு மெஷினில் ஏற்றித் திறந்து பார் என்று மட்டும் வற்புறுத்தினேன்.