ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6: பெண்களைச் சண்டைக்காரர்களாகவே பார்க்கும் விளையாட்டு

கேப்காம் நிறுவனம் 2023 ஜூன் மாதம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ விளையாட்டின் வேகத்தையும் இணையவழி ஆட்டத்தின் சீரையும் புகழ்ந்து பலரும் எழுதிவிட்டார்கள். அந்தப் புகழ்ச்சியில் எனக்கும் மாறுபாடில்லை. சண்டை விளையாட்டுகளில் பெண் பாத்திரங்கள் வரையப்படும் விதத்தைக் கண்டு மனம் கசந்து ஒதுங்கிப் போனவர்கள் இதை நம்பி வாங்கலாமா என்பதை மட்டும் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

அந்தக் கசப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் எட்டு வீரர்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக நின்ற சுன்-லீ, தன் தந்தையைக் கொன்றவனைத் தேடி வரும் காவல் அதிகாரி. இரண்டே ஆண்டுகளில் அதே வரிசையில் சேர்ந்த கேமி, உளவுப்படை வீராங்கனை என்று சொல்லப்பட்டாலும், தொடையையும் பின்புறத்தையும் மறைக்காத உடையில்தான் களமிறக்கப்பட்டார். 1996-இல் தொடங்கிய டெட் ஆர் அலைவ் என்ற மற்றொரு சண்டை விளையாட்டு வரிசையோ மார்பின் அசைவையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. 2016-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல்கூட, ரெயின்போ மிகா தன் பின்புறத்தில் தட்டிக்கொள்ளும் காட்சி முன்னோட்டப் பதிப்பில் இருந்து, பிறகுதான் கேமரா சற்று விலக்கப்பட்டது.

இந்தப் பின்னணியோடு ஆறாம் பாகத்தைத் திறப்பவர்களுக்கு மரீசாவே முதல் வியப்பு. 203 செ.மீ. உயரமும் 120 கிலோ எடையும் கொண்ட இந்த இத்தாலியப் பெண், தொழிலால் நகை வடிவமைப்பாளர். அகன்ற தோளும் திரண்ட கையுமாக அவர் ஒரு குத்துக்காகக் கையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும்போது, அடுத்து விழப்போகும் அடியின் கனம் அந்த உடலிலேயே தெரிகிறது. பிரான்சின் மனோன் மாடல் அழகியும்கூட. ஆனால் பாலே நடனத்தையும் ஜூடோவையும் கலந்து எதிராளியை அவர் பிடித்துச் சுழற்றி வீசும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு பதக்கம் கூடுகிறது, அடுத்த வீச்சின் வலிமையும் ஏறுகிறது. அவருடைய அழகு ஆட்டத்தின் விதியோடு பின்னப்பட்டிருப்பதால், காட்சிப்பொருளாகத் தனித்து நிற்பதில்லை. கேமியும் முடியைக் குட்டையாக வெட்டி, மேலங்கியும் கால்சட்டையுமாக வந்திருக்கிறார். அவருடைய உதைகளின் வேகம் சிறிதும் குறையவில்லை.

எவ்வளவு உடல் தெரிகிறது என்பதை வைத்து இதை அளப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இதே விளையாட்டின் ஆண் மல்யுத்த வீரரான சாங்கீஃப் ஒரு சிறு கால்சட்டையோடுதான் மல்லுக்கு நிற்கிறார். ஆனால் அவருடைய வெற்று மார்பைப் பார்ப்பவருக்கு வலிமை தோன்றுகிறதே தவிர, யாரோ தன்னை மயக்கப் பார்க்கிறார் என்ற எண்ணம் தோன்றுவதில்லை. அந்த மரியாதையைத்தான் பெண் பாத்திரங்களுக்கும் கேட்கிறோம்.

குறைகளும் உண்டு. கேமியின் பழைய உடை இரண்டாம் உடையாக உள்ளேயே காத்திருக்கிறது. ஆட்டத்தில் முன்னேறியோ பணம் கொடுத்தோ அதைப் பெறலாம். பழகிய ரசிகர்களை இழக்கவும் மனமில்லாமல், புதியவர்களை விடவும் மனமில்லாமல் நிறுவனம் எடுத்த முடிவாகவே இதைப் பார்க்கிறேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது. 2012-இல் கேப்காம் ஆதரவுடன் இணையத்தில் நேரலையாக நடந்த ஒரு போட்டி நிகழ்ச்சியில், ஒரு வீராங்கனையிடம் அவருடைய அணியின் பயிற்சியாளரே உள்ளாடையின் அளவைக் கேட்டார். கண்டனம் எழுந்தபோது, பாலியல் சீண்டல் இந்தச் சமூகத்தின் பண்பாட்டில் ஒரு பகுதி என்று வாதாடினார். அந்தப் பெண் போட்டியை விட்டே விலகினார். 2019-இல் ஜப்பானில் நடந்த எவோ போட்டியில், டெட் ஆர் அலைவ் 6-க்கான மேடை நிகழ்ச்சி எல்லை மீறியதால் நேரலையையே துண்டிக்க வேண்டியதாயிற்று. இந்த ஆறாம் பாகம் வெளியான அதே ஆண்டில், ஒரு போட்டியின் நேரலையில் சுன்-லீயை நிர்வாணமாக்கும் மோட் (விளையாடுபவர்களே செய்துகொள்ளும் மாற்றம்) அகற்றப்படாமல் திரையில் வந்தது. வடிவமைப்பாளர்கள் எவ்வளவு கவனத்தோடு உடுத்தினாலும், உரித்துப் பார்க்கத் துடிக்கும் கைகள் விளையாடுவோர் நடுவே இருக்கின்றன என்பது வேதனையான உண்மை. ஒரு பெண் பாத்திரத்தை வெறும் உடலாகப் பார்க்கப் பழகியவர், எதிரில் விளையாடும் பெண்ணை மட்டும் எப்படி மதிப்பார்?

ஆகவே, விளையாட்டைத் தயங்காமல் வாங்கலாம். மகளுக்கோ தங்கைக்கோ வாங்கித் தருபவர்கள், பொத்தான்களை எளிதாக்கித் தரும் மாடர்ன் முறையில் மரீசாவையோ மற்றொரு பெண் பாத்திரமான கிம்பர்லியையோ கொண்டு தொடங்கச் செய்யுங்கள். முகம் தெரியாதவர்களோடு உரையாட நேரும் பேட்டில் ஹப் பகுதியில் மட்டும் முதல் சில வாரங்கள் கூடவே இருந்து, அத்துமீறுபவர்களைத் தடுப்பதும் புகார் செய்வதும் எப்படி என்று காட்டிக் கொடுங்கள்.