தரவையில் ஒரு விசிறி ஜெட்: மூன்று வருஷ அனுபவம்

றிமோட்டில் பறக்கும் என் சின்ன ஜெட் விமானத்துக்கு மூன்று வருஷத்தில் 146 பறப்பு. ஒவ்வொன்றையும் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்: காற்று எந்தப் பக்கம், இறக்கியபோது பற்றரியில் எவ்வளவு மிச்சம், சில்லு முதலில் எங்கே தொட்டது. முதல் நாற்பது பறப்பில் பதினொரு தடவை இறக்கம் பிழையாகப் போயிருக்கிறது. கடைசி நாற்பதில் ஒரே ஒரு தடவை. விமானமும் அதேதான், பறக்கவிடும் தரவை வெட்டவெளியும் அதேதான். மாறியது, றிமோட்டில் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலைப் பிடிக்கும் என் இடது கைப் பெருவிரல்.

என்னிடம் இருப்பது ஹோக் பயிற்சி ஜெட்டின் சிறு உரு. உண்மையான ஹோக் 1974இல் முதல் தடவை பறந்தது. பிரித்தானிய விமானப்படையின் ரெட் அரோஸ் குழு வண்ணப் புகை விட்டுக்கொண்டு போவது அதில்தான். என்னுடையது நுரையில் வார்த்த உடம்பு. ரெஜிபோம் என்றால் இங்கே எல்லோருக்கும் விளங்கும். இது அதைவிட இறுக்கம், நொறுங்காமல் வளைந்து கொடுக்கும். இறக்கை முனைக்கு முனை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பற்றரியோடு 1.9 கிலோ. வயிற்றுக்குள் ஓடும் குழாயில் 70 மில்லிமீட்டர் விட்டத்தில் 12 இதழ் விசிறி. அதைச் சுற்றுவது 6 செல் லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி, 4000 மில்லிஅம்பியர் மணி.

முழுத் த்ரொட்டிலில் இந்த விசிறி 70 அம்பியருக்கு மேல் இழுக்கிறது. 4 அம்பியர் மணியை 70ஆல் பிரித்துப் பாருங்கள், மூன்றரை நிமிஷம் கூட வராது. ஏற்றி இறக்கிப் பறந்தால் நாலு, நாலரை நிமிஷம் வரும். ஆனால் லிப்போவை அடிமட்டும் வற்ற விட்டால் வீங்கிப் போகும். ஐந்தில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். அதனால் றிமோட்டில் 3 நிமிஷத்துக்கு மணி வைத்திருக்கிறேன்.

தரவைக்கு மாடு சாய்க்க வரும் ஐயா ஒருவர் முதல் நாளே கேட்டார்: "தம்பி, உது எவ்வளவு நேரம் மேல நிக்கும்?"

"நாலு நிமிசம் ஐயா."

"நாலு நிமிசத்துக்கோ இவ்வளவு சாமானும் காவிக்கொண்டு வாறாய்?"

பிறகு அது தலைக்கு மேலால் ஒரு சுற்றுப் போனது. கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தபடி, "விண் பூட்டின கொக்குப்பட்டம் மாதிரியெல்லோ கூவுது" என்றார். விண் என்பது காற்றில் கூவுவதற்காகப் பட்டத்தில் பூட்டுவது. அந்தச் சத்தத்துக்கு இதைவிடச் சரியான உவமையை நான் கேட்டதில்லை. எனக்கு அந்த நாலு நிமிஷம் போதும்.

பறப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகம் எடுத்துவிட்டால் கத்தி மாதிரி நேரே போகும். ஒரு தடவை சின்ன ஜீபிஎஸ் கருவி ஒன்றை உள்ளே வைத்து அனுப்பினேன், மணிக்கு 125 கிலோமீட்டர் காட்டியது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: சமநிலைப் புள்ளி. பட்டத்துக்கு முச்சை (நூல் பிடிக்கும் கட்டு) பிழைத்தால் எப்படித் தலையால் குத்துமோ, குத்துக்கரணம் அடிக்குமோ, அப்படித்தான் இதுவும். பற்றரியை அரை அங்குலம் பின்னால் தள்ளி வைத்து ஒருநாள் தூக்கிவிட்டேன். மூக்கு தானாக நிமிர்ந்து, ஒரு பக்க இறக்கை தொய்ந்து, கையில் நிற்காமல் ஆடியது. எப்படியோ இறக்கினேன். அன்றே பற்றரித் தட்டில் சிவப்பு மையால் கோடு போட்டேன்.

சரி, இறக்கத்துக்கு வருகிறேன்.

முன்னால் காற்றாடி உள்ள விமானத்தில்தான் நானும் பழகினேன். அதில் காற்றாடி தள்ளும் காற்று வால் மேலேயே அடிக்கும். மெதுவாக வந்து தடுமாறினாலும் த்ரொட்டிலை ஒரு தட்டுத் தட்டினால் வால் உயிர் பெறும், மூக்குத் தூக்கும். விசிறி ஜெட்டில் அந்தக் காற்று முழுக்கக் குழாய்க்குள்ளால் போய்ப் பின்னால் வெளியேறிவிடுகிறது. வாலுக்கு அதில் பங்கு கிடையாது. விமானம் ஓடுகிற வேகத்தில் கிடைக்கும் காற்றுத்தான் வாலுக்கு. அதோடு, அடங்கிக் கிடக்கும் விசிறி திரும்பச் சுழன்று தள்ளத் தொடங்க ஒரு வினாடி மட்டில் எடுக்கிறது. இறங்கும் வேகத்தில் அந்த ஒரு வினாடியில் விமானம் 12 மீட்டர் வந்துவிடும். த்ரொட்டிலை முழுதாக மூடினால், சும்மா கிடக்கும் விசிறி குழாயை அடைத்துக்கொண்டு பிரேக் மாதிரி இழுக்கவும் செய்யும்.

இதெல்லாம் வாசித்துத் தெரிந்துதான் வாங்கினேன். பெருவிரலுக்குத் தெரிந்தது 23ஆவது பறப்பில். ஆனி மாதம், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று விட்டு விட்டு வீசிக்கொண்டிருந்தது. விமானம் ஓடுபாதைக்கு நேரே அழகாக வந்தது. இனி என்ன, வந்துவிட்டது என்று பழக்கத்தில் த்ரொட்டிலை மூடினேன். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒருகணம் விட்டது. கூவல் சட்டென்று நின்று, வெறும் சரசரப்பு மட்டும் கேட்டது. மூக்குத் தாழ்ந்தது. இழுத்தேன், வால் கேட்கவில்லை. த்ரொட்டிலைத் தள்ளினேன், விசிறி முனகிக்கொண்டு எழும்பும்போது விமானம் பாதைக்கு நாலு மீட்டர் இப்பால் உப்பு மண்ணில் குத்தியிருந்தது. முன்சில்லுக் கால் மடிந்து வயிற்றுக்குள் ஏறிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கியபோது விசிறி வாய்க்குள்ளிருந்து வெள்ளை மண் கொட்டியது. வீடு வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். மணி அடித்ததும் காற்றோடு ஒரு ஓட்டம், பாதி பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடியும் தகடு), சில்லுகள் வெளியே. திரும்பிப் பாதைக்கு நேரே வந்த பிறகு முழு பிளாப். சோளகம் உதறுகிற நாளில் பாதியோடு நிறுத்திவிடுவேன். த்ரொட்டில் பத்தில் நாலு பங்கு. பாதைத் தொடக்கம் வரை அதற்குக் கீழே விடுவதில்லை. மூக்குக் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும். உயரத்தைச் சரிசெய்யத் த்ரொட்டில், வேகத்தைச் சரிசெய்ய மூக்கு. இந்த ஒழுங்கு கைக்கு வர எனக்கு ஐம்பது பறப்பு பிடித்தது.

கண்ணைவிடக் காதுதான் எனக்கு உதவி. விசிறியின் கூவல் ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தால் பயமில்லை. பாதைக்கு அறுபது மீட்டர் முன்னால் ஒரு ஒற்றைப் பனை நிற்கிறது. விமானம் அந்தப் பனையடிக்கு வரும்போது நேராகவும் நிதானமாகவும் இல்லையென்றால், அங்கேயே முழுத் த்ரொட்டில் கொடுத்து இன்னொரு சுற்று. பனையைத் தாண்டி யோசித்தால் பிந்திவிடும். 3 நிமிஷ மணி வைத்ததே இந்த இரண்டாவது சுற்றுக்குத்தான். பாதைத் தொடக்கத்தில் விரித்திருக்கும் சீமெந்துப் பையைத் தாண்டியதும் த்ரொட்டிலைக் கால் பங்குக்குக் கொண்டு வருவேன். பின்சில்லு இரண்டும் தொட்டு, மண்ணில் உருளும் சத்தம் கேட்ட பிறகுதான் முழுதாக மூடுவேன்.

பாதை 70 மீட்டர். விளையாட்டுக் கழகத்து கிரிக்கெட் றோலரை இரவல் வாங்கி உருட்டினோம். தென்மேற்கு வடகிழக்காகப் போட்டதால் சோளகத்துக்கும் வாடைக்கும் ஒரே பாதை போதும், இறங்கும் முனை மட்டும் மாறும். தூக்குவதற்கு முன் தும்புத்தடியால் பாதையைக் கூட்ட வேண்டும். அலுப்பாக இருந்தாலும் விடாதீர்கள். முன்சில்லு கிளப்பும் சின்னக் கல்லை விசிறி உறிஞ்சிவிடும். எனக்கு அப்படி ஒரு இதழின் நுனி போனது. அதிலிருந்து வந்த நடுக்கத்தில் மோட்டரின் பெயரிங் இரண்டும் கரகரக்கத் தொடங்கின. விசிறியோடு சேர்த்து மாற்ற வேண்டி வந்தது.

கடற்காற்றும் தன் வேலையைக் காட்டுகிறது. திருகாணிகள் ஆறு மாதத்தில் துருப்பிடித்தன, துருப்பிடிக்காத உருக்கில் மாற்றினேன். பற்றரிச் செருகிகளில் பச்சை படிகிறது. மாதம் ஒரு தடவை துடைக்கிறேன். விமானத்தோடு வந்த முன்சில்லுக் கம்பி இரண்டு தடவை வளைந்த பிறகு, ஒட்டு வேலை செய்யும் அண்ணை ஒருவர் 4 மில்லிமீட்டர் உருக்குக் கம்பியில் புதிதாக வளைத்துத் தந்தார். அது இன்றுவரை நிற்கிறது.

பற்றரி விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. பறந்து வந்த பற்றரி கைக்குச் சுடும். ஆறும் வரை சார்ஜில் போடுவதில்லை. 4 அம்பியரில் மெதுவாக ஏற்றுகிறேன், கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். பறக்காத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்டில் வைத்து, சட்டிக்குள் மண் போட்டு அதற்குள் வைக்கிறேன். முதல் பற்றரி 70 பறப்போடு வீங்கிவிட்டது. இன்னொன்று எடுக்க மாதக்கணக்கில் காத்திருந்தேன். லிதியம் பற்றரி என்றால் விமானத்தில் அனுப்புவது கரைச்சல்.

அனுமதி இல்லாமல் ஒரு நாளும் தூக்காதீர்கள். 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதன் வான்பாதை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டுதான் நாங்கள் இடமே தேடினோம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் கேட்டு, பொலிசிலும் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். தை மாதம் நான் விமானத்தை வெளியே எடுப்பதே இல்லை. வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பட்டப்போட்டி நடக்கும் காலம் அது. எங்கள் தரவையிலும் பிள்ளைகள் நைலோன் நூலில் ஏற்றியிருப்பார்கள். மாரித் தண்ணீர் வற்றாத ஓரங்களில் பூநாரைகளும் நிற்கும். மாசிக் கடைசியில் நிலம் இறுகிய பிறகு போதும்.

முதல் விமானமாக இதை வாங்க நினைப்பவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். காற்றாடி வைத்த நுரை விமானத்தில் ஐம்பது நல்ல இறக்கம் செய்துவிட்டு வாருங்கள். அப்புறம் வாங்கினால் இந்தக் காசுக்கும் உழைப்புக்கும் இதைவிடச் சந்தோஷமான சாமான் எனக்குத் தெரியாது.

இரண்டாவது பற்றரியில் மூன்றாம் செல் இப்போது மற்றவற்றைவிடச் சீக்கிரம் இறங்குகிறது. புதியது வரும் வரை மணியை 2 நிமிஷம் 40 வினாடிக்குக் குறைத்திருக்கிறேன்.