பிரின்ஸின் மூன்றாவது சிடி

1993 செப்டம்பரில் வந்த 'தி ஹிட்ஸ்/தி பி-சைட்ஸ்' மூன்று சிடி கொண்ட தொகுப்பு. முதல் இரண்டிலும் அமெரிக்கப் பாப் பாடகர் பிரின்ஸின் ஹிட் பாட்டுகள். என்னிடம் அவை பல வருஷமாகப் புதுசாகவே இருக்கின்றன. கீறல் எல்லாம் மூன்றாவதில்தான். ஒரு ஹிட் பாட்டுக்காகப் போடும் சின்ன ரிக்கார்டான சிங்கிளின் பின்பக்கத்தில் (அதுதான் பி-சைட்) போட்டதோடு சரி, ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட பாட்டுகள்தான் அதில் பெரும்பாலும். மொத்தம் 20.

தொகுப்பு வந்த நேரமே விசித்திரமானது. அதே வருஷம் ஜூனில், தன் 35ஆவது பிறந்தநாளில், மனிதர் பெயரை விட்டுவிட்டு வாயால் உச்சரிக்க முடியாத ஒரு குறியீட்டுக்கு மாறியிருந்தார்.

கேட்கக் கேட்க எனக்குப் பிடிபட்டது இதுதான்: முன்பக்கத்தில் செய்யாததை அவர் பின்பக்கத்தில் செய்திருக்கிறார். 1984இல் வந்த 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டில் பேஸ் கிட்டாரே கிடையாது. அதற்காகவே பேர்போன பாட்டு. அந்த ரிக்கார்டைத் திருப்பினால் '17 டேஸ்'. அதைத் தூக்கிக்கொண்டு போவதே பேஸ்தான். விட்டுப்போனவளை நினைத்துப் புலம்பும் பாட்டு, ஆனால் கால் தானாகத் தாளம் போடும். (இதன் முழுத் தலைப்பு இரண்டு வாக்கியம் நீளம். அவர் அப்படித்தான்.) '1999' சிங்கிளும் அப்படியே. முன்பக்கம் கொண்டாட்டம், பின்பக்கம் 'ஹவ் கம் யு டோன்ட் கால் மீ எனிமோர்'. பியானோவும் உச்சத்தில் எடுக்கும் கள்ளக்குரலும் மட்டும் வைத்து ஒரு ஆள் கெஞ்சுகிறார். 2001இல் அலிஷியா கீஸ் பாடியதைக் கேட்டவர்கள் இதையும் ஒருமுறை கேளுங்கள்.

சிடியின் முதல் பாட்டு 'ஹலோ'. 1985இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பெரிய பாடகர்கள் எல்லாம் கூடி 'வி ஆர் த வேர்ல்ட்' பாடிய இரவில் பிரின்ஸ் போகவில்லை. பத்திரிகைகள் பிய்த்து எடுத்துவிட்டன. அதற்குப் பதிலடிதான் இந்த 'ஹலோ'. 'வி ஆர் த வேர்ல்ட்' ஆல்பத்துக்கு அவர் தனியாகக் கொடுத்த '4 த டியர்ஸ் இன் யுவர் ஐஸ்' இங்கே 19ஆவது பாட்டாக, எளிய அகூஸ்டிக் வடிவில் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பேன். கோபமும் பக்தியும் ஒரே ஆளிடம் எப்படி இருந்தன என்பது அப்போதுதான் தெரிகிறது.

ஆனால் வீட்டு ஹாலில் போடும் சிடி அல்ல இது. 'எராட்டிக் சிட்டி'யின் தலைப்பே எச்சரிக்கை. வேறு சில தலைப்புகளை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதே சிடியில் 'காட்' என்று கடவுளைப் பாடும் பாட்டும் உண்டு. ஹெட்போன் போட்டுக்கொள்வது நல்லது.

குறைகளும் இருக்கின்றன. 1985, 1989, 1988, 1981 என்று வருஷங்கள் தாறுமாறாக வருகின்றன. ஒரு கலைஞன் வளர்ந்த வழி இதிலிருந்து புரியாது. 'எராட்டிக் சிட்டி', 'கேர்ள்' போன்றவற்றின் 12 அங்குலப் பெரிய ரிக்கார்டில் வந்த நீண்ட வடிவங்கள் இல்லை, வெட்டிச் சுருக்கியவைதான். 'கிஸ்' பாட்டின் பின்பக்கத்தையும் 'மவுன்டன்ஸ்' பாட்டின் பின்பக்கத்தையும் ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு எரிச்சல். அன்று ஹிட்ஸ் சிடிகள் இரண்டும் தனித்தனியாகக் கிடைத்தன. பி-சைட்ஸ் மட்டும் வேண்டுமென்றால் மூன்றையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். எல்லா ஆல்பமும் வைத்திருந்த தீவிர ரசிகன்தான் இதில் அதிகம் செலவழித்திருப்பான்.

இப்போது வாங்கலாமா? 2017இல் வந்த 'பர்ப்பிள் ரெயின்' டீலக்ஸ், அப்புறம் '1999', 'சைன் ஓ த டைம்ஸ்' சூப்பர் டீலக்ஸ் பெட்டிகள் (பழைய ஆல்பங்களைக் கூடுதல் பாட்டுகளோடு மறுபடி வெளியிட்டவை) கையில் இருந்தால் இதில் கிட்டத்தட்டப் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், சிலது நீண்ட வடிவத்திலேயே. அவை இல்லாதவர்கள் பழைய சிடி கடையில் பார்த்தால் விடாதீர்கள், மூன்றாவது சிடி உள்ளே இருக்கிறதா என்று மட்டும் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.