ஏஐ, வாட்ஸ்அப் இரண்டையும் பள்ளியில் பயன்படுத்தியதில் தெரிந்தவை: கடலூர் வட்டார ஆசிரியர்களுக்கு

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'இயக்கம்' பாடத்துக்கு ஏஐ செயலியிடம் தமிழில் பத்து வினா கேட்டால், 'முடுக்கம்' வர வேண்டிய இடத்தில் சில நேரம் 'ஆர்முடுகல்' வந்து நிற்கும். அது இலங்கைப் பாடநூல் சொல். நல்ல தமிழ்தான், ஆனால் நம் பிள்ளைகள் கேட்டிராத சொல். இதைவிட ஆபத்தானது 'வேகம்'. நம் பாடநூலில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. இலங்கையில் நம் வேகத்தைக் 'கதி' என்பார்கள். நம் திசைவேகம் அங்கே 'வேகம்'. செயலி இரண்டையும் கலந்துவிட்டால் வினா பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், விடைக்குறிப்பு மட்டும் தவறிப்போகும். கணக்கிலும் இதே கதைதான்: 'அணி' என்பது 'தாயம்' ஆகும், 'கூட்டுத் தொடர்வரிசை' என்பது 'கூட்டல் விருத்தி' ஆகும்.

இதற்குப் பலன் தந்த வழி ஒன்றுதான். பாடத்துக்கு 20 முதல் 30 வரை கலைச்சொற்களைப் பாடநூலில் இருந்து எடுத்து, யூனிகோடில் (எல்லாக் கருவியிலும் படிக்க வரும் பொது எழுத்துக் குறியீடு) தட்டச்சு செய்து போனில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் முதலில் அந்தப் பட்டியலை ஒட்டி, 'இந்தச் சொற்களையே பயன்படுத்து, மாற்றுச் சொல் வேண்டாம்' என்று எழுதிவிட்டு, அதன் பிறகு வினா கேட்க வேண்டும். பாடம் மாறினால் புது உரையாடல் தொடங்குங்கள். ஒரே உரையாடல் நீண்டுகொண்டே போனால் மேலே கொடுத்த பட்டியல் பின்னால் மறந்துபோகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டதால், அங்கே ஆங்கில வழிப் பாடங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழ்வழி நடத்தும் நமக்குத்தான் பட்டியல் இல்லாமல் முடியாது.

முழு வினாத்தாளை ஒரே மூச்சில் கேட்பது வீண். பத்தாம் வகுப்புக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்கிறோம், ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே, எட்டு மதிப்பெண் இரண்டு, மொத்தம் 100. 28, 42 ஆகிய எண்களில் வருபவை கட்டாய வினாக்கள். இவ்வளவையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் எண்ணிக்கை குறையும், ஒரே வினா இரண்டு பகுதியில் வரும். பகுதி பகுதியாகக் கேளுங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு 25 கேட்டு, தேறும் 14-ஐ வைத்துக்கொள்ளுங்கள். கழிபவை பெரும்பாலும் இரண்டு விடை பொருந்தும் வினாக்கள்தான். சரியான விடை 'ஆ'விலேயே குவிந்து கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கணக்கையும் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை. தட்டச்சில் மிச்சமான நேரம் முழுக்க இங்கேதான் செலவாகும், ஆகத்தான் வேண்டும்.

பழைய வினாத்தாள்களை மாதிரியாகக் கொடுக்க நினைத்தால் எழுத்துரு காலை வாரும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் விழும். முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பாடநூல் பி.டி.எஃப்.பில் இருந்து நகலெடுத்தாலும் பல பக்கங்கள் சிதைந்தே வருகின்றன. பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எழுத்தாக மாற்றுவது மேல். அதிலும் துணைக்கால் 'ர' ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை கண்ணை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். படம் வரையச் சொன்னால் தமிழ்ப் பெயர்களைக் கிறுக்கிவைக்கிறது. பெயர் இல்லாத படமாக வாங்கி, பாகங்களைக் கையால் குறிப்பதே போதும்.

தமிழாசிரியர்கள் அலகிடுதலை, அதாவது செய்யுளின் சீரை அசைகளாகப் பிரித்து வாய்பாடு சொல்வதை, ஏஐ செயலியிடம் விடவே வேண்டாம். 'எழுத்தெல்லாம்' என்ற சீர் எழுத் / தெல் / லாம், அதாவது நிரை நேர் நேர், புளிமாங்காய். இதையே தேமாங்காய் என்று துணிந்து சொல்லும். தவறு என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு தவறு சொல்லும். காரணம் இருக்கிறது. நமக்குத் 'தெ' ஓர் எழுத்து. கணினிக்கு அது 'த'வும் எகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. செயலியோ சொல்லைத் தன் வசதிக்கு ஏற்ற துண்டுகளாக உடைத்துப் படிக்கிறது. அந்தத் துண்டுக்கும் அசைக்கும் தொடர்பே இல்லை. ஒற்று மிகும் இடங்களிலும் இதே அளவுக்குத்தான் நம்பலாம்.

மாணவர் கட்டுரை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் செயலிகளை வைத்து ஒரு பிள்ளையைக் குற்றம் சாட்டாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. தமிழுக்கு நிலைமை இன்னும் மோசம். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் மூன்று கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும்: இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்த எடுத்துக்காட்டு எங்கே கிடைத்தது, இந்தப் பத்தியை உன் சொற்களில் சொல். முதல் வரைவை வகுப்பிலேயே எழுத வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை எழுவதே இல்லை. சாட்ஜிபிடிக்குக் குறைந்தபட்ச வயது 13. 18 வரை பெற்றோர் சம்மதமும் வேண்டும். ஆறு, ஏழாம் வகுப்பில் கணக்குத் தொடங்கச் சொல்லாமல், ஆசிரியரே ஸ்மார்ட் போர்டில் காட்டினால் போதும். மதிப்பெண் பட்டியலைப் பெயரோடும் எமிஸ் எண்ணோடும் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்) எந்தச் செயலியிலும் ஏற்றக் கூடாது. வரிசை எண் மட்டும் போதுமே.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'அட்மின் மட்டுமே அனுப்பலாம்' என்ற அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். பாதியில் போட்டால் பெற்றோருக்கு மனத்தாங்கல் வரும். பெற்றோர் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிய வேண்டாம் என்றால் 'கம்யூனிட்டி' வசதியின் அறிவிப்புப் பகுதி நல்லது. பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு: உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்கோ கடலுக்கோ போய்விடும். பகல் 12 மணிக்குப் போடும் வீட்டுப்பாடம் யாருக்கும் பயன்படாது, மாலை 6.30-க்கு, ஒரே செய்தியாகப் போடுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு 40 நொடிக் குரல் பதிவு போதும். கரும்பலகைப் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எழுத்து மங்காமல் போகும்.

மழைக்காலம் தனி. 2024 ஃபெஞ்சல் புயல் நாட்களைப் போல ஒவ்வொரு நவம்பரிலும் விடுமுறை ஸ்கிரீன்ஷாட்டுகள் பறக்கும். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர், கன்னியக்கோவில் பக்கத்தில் இருந்து கடலூருக்குப் படிக்க வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புதுச்சேரி அரசு விட்ட விடுமுறை கடலூருக்குப் பொருந்தாது. இங்கே மாவட்ட ஆட்சியர் அறிவிக்க வேண்டும். அதனால் வந்த படத்தை அப்படியே முன்னனுப்பாமல், அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பார்த்துவிட்டு, மாவட்டம், தேதி, கிழமை, எந்த வகுப்பு வரை என்ற நான்கையும் ஆசிரியரே தன் கைப்பட ஒரு வரியில் எழுதிப் போடுவது நல்லது. தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் அது போன வருடப் படம்.